தாடிக்காரர் சாட்சிக்கு வரவில்லை

குட்டிம்மா,

நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இதை முதலில் எழுதிவிட்டால்தான் மீதியை நீ பதறாமல் படிப்பாய். நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா வழக்கில் நேற்று என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். அப்பா போனபின் நான் அழும்போதெல்லாம் என் மனசை மாற்ற நீ போனில் உன் பாடத்தைக் கதையாகச் சொல்வாயே, சட்டம் எதற்கு இருக்கிறது என்று யோசித்த மூன்று பெரியவர்களின் கதை, அது இப்படிக் கைகொடுக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

கோர்ட் வாசலிலேயே ஞாபகம் வந்தவர் அந்த மூவரில் உன் ஃபைல்காரர். சட்டம் ஆள் முகத்தைப் பார்க்காது, விதியையும் காகிதத்தையும்தான் பார்க்கும் என்றாரே, அவரேதான். அப்பா வேலை பார்த்த கிடங்கு முதலாளியின் மேனேஜர் காரில் வந்து இறங்கி நேரே உள்ளே போகப் பார்த்தார். காவலுக்கு நின்றவர், "சார், அந்த அம்மாவுக்குப் பின்னாடி நில்லுங்க" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா நான்தான். மனசுக்குள் ஃபைல்காரருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

உள்ளே லாரி டிரைவர், அப்பா நெட்டையன் என்று கூப்பிடுவாரே அந்தப் பையன், தலையைக் குனிந்துகொண்டு குற்றவாளிக் கூண்டில் நின்றான். லாரியைப் பின்னால் எடுத்தபோது பிரேக் பிடிக்காமல் அப்பாவைச் சுவரோடு... வேண்டாம், உனக்குத்தான் தெரியுமே. அவன்மேல் இருந்த கோபமெல்லாம் அவனைப் பார்த்ததும் எங்கே போச்சோ. பிரேக் சரியில்லை என்று முதலாளியிடம் சொல்லிச் சொல்லி அவன் அலுத்துப்போனதை அப்பாவே சாப்பிடும்போது என்னிடம் சொல்லியிருக்கிறார். அதனால், "ஐயா, நான் இவனை மன்னிச்சிட்டேன், விட்டுடுங்க" என்றேன். நீதிபதி கோபப்படவில்லை. "மன்னிக்கிறது உங்க மனசும்மா. ஆனா இந்த வழக்கு உங்களோடது மட்டுமில்ல, எல்லாரோடதும்" என்றார். திரும்பிப் பார்த்தேன். எங்கள் தையல் கூடமே அரைநாள் லீவு போட்டு வந்து பின் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. பட்டனுக்குக் காஜா எடுக்கும் அந்த வாயாடிகூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தருக்கு அடிபட்டால் எல்லாருக்கும் வலிக்கும், அந்த வலிதான் தண்டனையாக வருகிறது என்ற உன் கூட்டக்காரர் அப்போதுதான் எனக்குப் புரிந்தார். இத்தனை நாள் இந்தத் துக்கத்தை நான் ஒருத்தியே சுமக்கிறேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

அந்தத் தைரியத்தில்தான் உளறிவிட்டேன். "அப்ப பிரேக்கை மாத்தாத முதலாளி எங்கங்க ஐயா? சட்டம் சொத்து இருக்கிறவங்க பக்கம்தான் சாயும்னு தாடிக்காரர் அன்னைக்கே சொல்லிட்டாரு" என்றேன். என் சாட்சியத்தை எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி, "அப்படி ஒரு சாட்சி இல்லையே, அவரு வந்திருக்காராம்மா?" என்றார். "அவரு செத்து ரொம்பக் காலம் ஆச்சுங்க, எம் பொண்ணு படிக்கிற பாடத்துல வர்றவரு" என்றேன். நீதிபதியே சிரித்துவிட்டார். ஆனால் சிரித்து முடித்ததும், பிரேக்கைப் பற்றி அப்பா என்னிடம் சொன்னதை ஒன்று விடாமல் கேட்டு எழுத வைத்து, அடுத்த தடவை முதலாளியும் வந்து நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். முதலாளிக்குப் பயந்து அதுவரை பிரேக் விஷயத்தை வெளியே சொல்லாத நெட்டையன் என்னைப் பார்த்துக் கும்பிட்டு அழுதான். மேனேஜர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

கூட இருக்க முடியவில்லையே என்று நீ மருகாதே. உன் மூன்று பேரை எனக்குத் துணைக்கு அனுப்பினாயே, அதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன். தையல் கூடத்து அக்காக்களுக்கு நீயும் போனில் ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிடு, மறந்துவிடாதே. நீ எங்கே நின்றாலும் உனக்குப் பின்னால் இப்படி நாலு பேர் வந்து உட்காரட்டும். மகராசியாக இரு.

உன் அம்மா

இன்னொன்று எழுத விட்டுப்போச்சு. வீட்டுக்கு ஓடி வந்து கதவைத் திறந்ததுமே, "இங்க பாருங்க, முதலாளியையும் வரச் சொல்லிட்டாங்க" என்று வாய் தன்னால் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டது. இந்த மாதிரிச் சேதியை யாரிடம் போய்ச் சொல்வது என்று உன் மூன்று பேரில் ஒருத்தராவது எழுதி வைத்திருக்கிறாராடி?