வேட்டியில் வடித்த குட்டை

ஆடி 21, புதன். விடாத தூறல்.

இங்கே எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. மாரியம்மன் சாட்சியாக முதலிலேயே அறிவித்துவிடுகிறேன்.

என் மனைவி மல்லிகாவின் தம்பி செல்வம் ஆனேக்கல் பக்கம் குத்தகைக்கு எடுத்த குட்டையில் மீன்கள் செத்து மிதக்கின்றன. ஒவ்வொன்றும் மெஜஸ்டிக் பஸ் நீளம். சரி, முழங்கை நீளம். திங்கட்கிழமை மழையில் மேட்டு ரோஜாத் தோட்டத்துச் செம்மண் மொத்தமும் உள்ளே இறங்கிவிட்டது. தோட்டக்காரர் கையை விரிக்கிறார். "மருந்தடிச்சு வாரமாச்சு சாமி. நீங்க தீனி ஜாஸ்தி போட்டிருப்பீங்க."

ஞாயிறு எங்கள் ஸ்ரீராம்புரம் சந்தில் கூழ் ஊற்றுகிறோம். தொட்டுக்கொள்ள மீன் குழம்பு, செல்வத்தின் வேண்டுதல். உயிரோடு இருக்கும் மீனைப் போடலாமா, கூடாதா? சந்தே சாப்பிடும். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள் வரைக்கும்.

அக்கா மகள் கவிதாவுக்கு லேபில் வேலை. குட்டைத் தண்ணீர் ஒரு பாட்டில் கேட்டாள். போய் மொண்டேன். சாயா நிறம். படித்த பெண்ணிடம் இதையா நீட்டுவது? கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து நாலாய் மடித்து வடிகட்டினேன். (உள்ளே அரை டிராயர் இருந்தது, சரித்திரம் குறித்துக்கொள்க.) அபிஷேகத்துக்கு ஆகும் தெளிவு. வேட்டி நாசம். தீபாவளிக்கு மல்லிகா எடுத்துக் கொடுத்தது. பையில் திணித்து மாடித் தொட்டிக்குப் பின்னால் ஒளித்தாயிற்று.

வாங்க: கேழ்வரகு, புளி, முட்டித் தைலம்.

ஆடி 23, வெள்ளி. வெயில், திடீரென்று.

கவிதா போன். "மருந்து எதுவும் இல்ல மாமா. தண்ணி சுத்தம்."

செல்வம் அழுதான். நான் சந்தில் நின்று அறிவித்தேன்: கங்கை, காவேரி, அடுத்து நம் குட்டை. எதிர்வீட்டு அம்மா: "நீங்க சொன்னா சரிதாண்ணே. ரெண்டு துண்டு சேர்த்துப் போடச் சொல்லுங்க."

ஆடி 24, சனி. மேகம்.

காலையில் கவிதா வந்தாள். தோசை. பேச்சோடு பேச்சாக:

"அந்த மழைக்கு அவ்ளோ தெளிவா எப்படி மாமா தண்ணி கெடச்சுது?"

வேட்டிப் புராணத்தைப் பெருமையாகச் சொன்னேன், மெதுவாக, மல்லிகா காதில் விழாமல். தோசை அவள் கையிலேயே நின்றது.

"வடிகட்டுனீங்களா? ஐயோ மாமா! சில மருந்து தண்ணில கரையவே கரையாது. மண்ணைத்தான் புடிச்சுக்கும், அதுவும் பொடி மண்ணுன்னா விடவே விடாது. மழையில மண்ணோட வந்து அடியில தங்கிடும். கெண்டை அந்தச் சேத்தைத்தான் கிளறித் தின்னும். விஷத்தை வேட்டியில வச்சுக்கிட்டு வெறும் தண்ணிய எனக்குக் குடுத்திருக்கீங்க!"

"நீ கேட்டது தண்ணிதானே?"

"வேட்டி எங்க? தொவச்சிட்டாங்களா?"

துவைக்கவில்லை. பயந்தாங்கொள்ளியாக இருப்பதில் இப்படி ஒரு நன்மை. கையுறை மாட்டி, பையோடு அள்ளிக்கொண்டு லேபுக்கு ஓடினாள். "ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒரு மீனும் வெளிய வரக்கூடாது."

செல்வத்துக்குப் போன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி. ஸ்விட்ச் ஆஃப். இன்று வலை போடுகிற நாள்.

பஸ். டிராஃபிக். சில்க் போர்டு சிக்னலில் வண்டி வேர் விட்டுவிட்டது. கண்டக்டர்: "எஜமான்ரே, நின்னுக்கிட்டே வந்தா பஸ் சீக்கிரம் போகாது, உக்காருங்க." உட்காரவில்லை.

குட்டைக்கரை. பெட்டி பெட்டியாக மீன், மேலே ஐஸ். டெம்போ உறுமிக்கொண்டிருக்கிறது.

"எறக்குடா செல்வம்."

"நீங்கதானே மாமா சுத்தம்னு ஊர் பூரா சொன்னீங்க? அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டது. இப்ப எறக்குன்னா, என் மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?"

டெம்போ முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன், சேற்றில். டிரைவர் ஹாரன் அடித்தான். எழவில்லை. அப்போது கவிதா போன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சேத்துல இருக்கு மாமா. நெறையவே. ஒருத்தரும் தொடவேணாம்."

செல்வம் பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்தான். அவனே எழுந்து முதல் பெட்டியை இறக்கினான். கரையில் குழி வெட்ட ஆரம்பித்தோம். கவிதா மறுபடி போன்: குட்டை ஓரம் வேண்டாம், மழை திரும்ப உள்ளேயே இழுத்துவிடும். அரைகுறைக் குழியை மூடி, மேட்டில் புதிதாக வெட்டினோம்.

ஆடி 25, ஞாயிறு. கூட்டம். வேர்வை.

கூழோடு முருங்கைக்கீரையும் சிவாஜிநகர்க் கருவாடும். எதிர்வீட்டு அம்மா: "மீன் எங்கண்ணே?"

செல்வம் தலையைக் குனிந்துகொண்டான். நான் அண்டாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் ஏறி நின்றேன். பஸ் நீள மீன்கள் மேம்பாலம் ஏறியது, டோல் கட்டாமல் தப்பியது, மிச்சத்தை நான் வேட்டியால் கட்டி இழுத்தது, வேட்டி முழுக்க விஷம் ஏறியது, எல்லாம் அளந்துவிட்டேன். சந்தே சிரித்தது. செல்வமும், கடைசியில்.

மல்லிகா மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியோடு கிட்டே வந்தாள். "எந்த வேட்டி?"

பஸ் பொய், பாலம் பொய், டோல் பொய். வேட்டி மட்டும் நிஜம் மல்லிகா.