ரோமாபுரியை அண்ணை கையளித்த நாள்

ஓர்லிகோன்
5.9.2010

அன்புத் தங்கச்சி ஜெயகௌரிக்கு,

எங்கள் சங்க ஆண்டு விழாவுக்கு நீ எழுதிய நாடகம் கிடைத்தது. ரோமாபுரியில் மக்களாட்சி போய்ப் பேரரசன் வந்த கதை நல்லதுதான். ஆனால் அந்த அகஸ்டஸ், பதவியாசை இல்லை என்று சொல்லிச் சொல்லியே எல்லாப் பதவியையும் எடுத்துக்கொள்கிறான். அதை வாசித்துவிட்டுச் செயலாளர் இந்திரா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் பதினொரு வருடமாகச் சங்கத் தலைவராக இருப்பது சனங்கள் கேட்டதால். அந்த இடத்தை மாற்றிவிடு.

அண்ணன்
இரவீந்திரன்

பாசல்
12.9.2010

என் அருமை அண்ணைக்கு,

இரண்டாயிரம் வருடத்துக்கு முன் நடந்ததை நான் எப்படி மாற்றுவது? அகஸ்டஸ் தன்னை அரசன் என்று சொல்லவில்லை. செனற் என்ற ஆட்சிச் சபையைக் கலைக்கவும் இல்லை. சபை கூடும், கையுயர்த்தும், அவன் நினைத்தது நடக்கும். அவ்வளவுதான்.

கடைசிக் காட்சியைப் பாருங்கள். அதிகாரம் முழுவதையும் அவன் திருப்பிக் கொடுக்கிறான். "எங்களை விட்டுப் போகாதீர்கள்" என்று சபை கெஞ்சுகிறது. அகஸ்டஸ் வேடத்தை நீங்களே போடலாமே.

தங்கை
கௌரி

ஓர்லிகோன்
19.9.2010

தங்கச்சி,

கடைசிக் காட்சி அருமை. நானே நடிக்கிறேன். நிர்வாகக் குழுதான் செனற் சபை. ரோமர் மாதிரி உடுத்த வெள்ளை பெட்சீற் புதிதாக வாங்கிவிட்டேன். கெஞ்சும் இடம் சுருக்கமாக இருக்கிறது. கொஞ்சம் நீட்டி அனுப்பு.

அண்ணன்

ஓர்லிகோன்
17.10.2010

கௌரி,

நேற்று விழா முடிந்தது. "என் அதிகாரம் முழுவதையும் உங்களிடமே ஒப்படைக்கிறேன்" என்று உருக்கமாகச் சொல்லிவிட்டு, கெஞ்சுவார்கள் என்று காத்துநின்றேன். இந்திரா எழும்பினாள்.

"நல்லது அண்ணை. மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்."

மற்றச் செனற்றர்களும் கையுயர்த்தினார்கள். மண்டபம் முழுக்க எழும்பிக் கைதட்டியது. நான் தடக்கி விழாமல் பெட்சீற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

மேடைக்குப் பின்னால் போய், உண்மையாகத்தான் சொன்னாயோ என்று இந்திராவைக் கேட்டேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஓம் அண்ணை. கூட்டத்திலை உங்களை விலகச் சொல்ல ஒருத்தருக்கும் துணிவு வரேல்லை."

ஏச வாய் திறந்தேன். பிறகு கண்ணைத் துடைக்கச் சொல்லிப் பெட்சீற்றின் நுனியை நீட்டினேன். பதினொரு வருடமாக என்னோடு வேலை செய்தவர்கள் எனக்குப் பயந்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியவே இல்லை. இன்று காலை மண்டபத்துக்குப் போய்ப் பொறுப்புகளை இந்திராவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவர்களுக்கு அந்த வசனத்தை நீ எழுதிக் கொடுத்தாயா என்று கேட்கமாட்டேன். வருகிற சனிக்கிழமை எனக்கு ஒரு வேலையும் இல்லை. பாசலுக்கு வரட்டோ?

இரவி