சலதாரையில் எறும்பு இல்லை

1954 ஜனவரி 18, ராயபுரம்

இன்று துறைமுகத்துக்கு இரண்டு கப்பல்கள். பத்திரிகைக்குச் செய்தியை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். எதிர்வீட்டு மங்கம்மா மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு என் மனைவி பட்டம்மாளோடு பேசிக்கொண்டிருந்தாள். முந்தானையில் ஒரு பிடி சிறுகுறிஞ்சான் இலை, எர்ணாவூர் வேலியில் பறித்தது.

"யக்கா, இத்த தெனம் வெறும் வயித்துல மென்னுக்கினு இரு. அப்பாலயும் எறும்பு வந்துச்சின்னா என் பேர மாத்தி வையி."

பட்டம்மாளுக்கு ஒன்பது வருஷமாக நீரிழிவு. அவள் சிறுநீருக்கு ஒதுங்கும் சலதாரை ஓரம் எறும்பு மொய்க்கும். சர்க்கரைக்கு எங்கள் வீட்டில் அதுதான் அளவு. தினமும் ஊசியைக் கொதிக்கவைத்து இன்சுலின் போடுவது என் வேலை. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஜனவரி 19

பட்டம்மாள் இலையை மென்றுவிட்டு வெல்லத்தைக் கடித்துப் பார்த்தாள். இலை நாக்கில் இனிப்பை மறக்கடித்துவிட்டது. "மண்ணு மாரி கீது" என்று சிரித்தாள். அவள் சிரித்து நாளாகிறது.

பிப்ரவரி 23

எறும்பு இல்லை. ஒரு வாரமாகவே இல்லை. சும்மா நம்பக்கூடாது என்று வெல்லம் கரைத்த தண்ணீரைப் பக்கத்திலேயே ஊற்றிப் பார்த்தேன். அதில் மொய்த்தன. அவள் ஒதுங்கிய இடத்துக்கு ஒன்றுகூட வரவில்லை. ஆக, செய்தி ஊர்ஜிதம்.

"அதுங்க வேற வூடு பாத்துக்கினு பூடுச்சிங்க. இனிமே ஊசி இன்னாத்துக்கு?" என்றாள் பட்டம்மாள்.

மங்கம்மா கைதட்டினாள். நானும் சரி என்றேன்.

மார்ச் 14

ஊசி இல்லாத வீடு. நன்றாகத் தூங்குகிறாள்.

ஏப்ரல் 6

கால் வீக்கம். அழுத்தினால் விரல் தடம் நிற்கிறது. காலையில் கண்ணிமையும் உப்பியிருக்கிறது. வீக்கம் வற்றும் என்று மங்கம்மா மூக்கிரட்டைக் கீரை கொண்டுவந்தாள். சலதாரையில் இப்போது நுரை. எறும்பு இல்லை, அதனால் பயமில்லை என்று எழுத வந்தேன். பேனாவை மூடிவிட்டேன்.

ஏப்ரல் 11

ஆஸ்பத்திரி. டாக்டர் செல்வநாதன் ரத்தத்தைச் சோதித்தார். சர்க்கரை ஏராளம்.

"எறும்பு வரலையே டாக்டர்?"

"எப்படி வரும்? ரத்தத்துல மிஞ்சின சர்க்கரையை சிறுநீரகம்தான் வெளியே விடணும். அது பழுதாயிட்டா சர்க்கரை உள்ளேயே நின்னுடும். பல வருஷமாக் கெட்டுக்கிட்டே வந்திருக்கு; வீக்கமும் நுரையும் அதனாலதான். இலையைக் குத்தம் சொல்லல. ஊசியை ஏன் நிறுத்தினீங்க?"

எதைப் பார்த்துக் குணம் என்று கொண்டாடினோமோ, அதுவே நோய் முற்றியதற்கு அடையாளம்.

சரியாகுமா என்றேன். "மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம்" என்றார்.

ஏப்ரல் 12

மறுபடி ஊசி. உப்பு கூடாது. மங்கம்மா வாசலிலேயே நின்று அழுதாள். "அண்ணாத்த, நானா அக்காவக் கெட்த்துட்டேன்?"

பட்டம்மாள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "அடச்சீ, உள்ள வாடி. ஊசிய வோணான்னது நானு. நீ இன்னாத்துக்கு ஒப்பாரி வச்சிக்கினு கீற?"

மே 30

வாந்தி. தண்ணீர்கூடத் தங்கவில்லை. மாலையில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். இத்தனை வருஷத்தில் ஒருமுறையும் சொன்னதில்லை. நினைவு தப்பித்தான் சொன்னாளா? தெரிந்தே சொன்னாளா? யாரிடம் கேட்பேன்—

ஜூன் 3

எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 9

மங்கம்மா தன் புருஷன் கோதண்டத்தை இழுத்துக்கொண்டு வந்தாள். "இவுருக்கும் எறும்பு மொய்க்குது அண்ணாத்த."

"தெருவுல போற எறும்ப எல்லாம் என் தலையில கட்றா இவ" என்றார் கோதண்டம். சட்டையை மாட்டிக்கொண்டு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம் அவளைக் கிண்டல் செய்துகொண்டே வந்தார்.

டாக்டர் செல்வநாதன் பரிசோதனைச் சீட்டு எழுதும்போது என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

கோதண்டம் பேச்சை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"மொதல்ல இவருக்கு ரத்தம் எடுங்க டாக்டர்" என்றேன்.