வினிகர் ஊற்றிய கை

அம்மாவுக்கு வணக்கம். நான் சுகம். நீயும் சுகம் என்றுதான் எழுதியிருக்கிறாய். அதைத்தான் நம்ப முடியவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

என் அறையில் தங்கியிருக்கும் நர்ஸ் அக்கா லீவு நாளில் ஒரு சாலட் செய்வார். பேக்கன் என்று உப்புப் போட்ட பன்றிக்கறிச் சீவல் கிடைக்கும். அதை வறுத்து, இறங்கிய கொழுப்பில் வினிகரும் கடுகு விழுதும் கொஞ்சம் சர்க்கரையும் கலந்து, சூட்டோடு பச்சைக் கீரையில் ஊற்றுவார். “அடுப்ப அணைச்சு, கொஞ்சம் ஆறவிட்டுத்தான் வினிகர் ஊத்தணும்” என்றார். அணைத்த அடுப்பில் யாராவது தாளிப்பார்களா? பக்குவத்தை என்னிடம் மறைக்கிறார் என்றே நினைத்தேன்.

நேற்று அவர் வேலைக்குப் போனதும் நானே செய்தேன், உன்னைப்போலவே புகையக் காயவிட்டு. வினிகர் பட்டதும் வாணலி சீறியது. கையில் ஒரு சொட்டு தெறித்தது, அவ்வளவுதான். கீரை ருசியாகவே இருந்தது. ஒருத்திக்கு அது அதிகம்.

உன் பழைய நூல் புடவை ஒன்றைக் கிழித்து அனுப்பு. பாத்திரம் துடைக்கத்தான். துவைக்காமல் அனுப்பினாலும் சரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன கடிதம் உன் எழுத்து இல்லை. அண்ணி உன்னைப்போலவே சுழித்துச் சுழித்து எழுதியிருக்கிறார். ஆனால் நீ என்றைக்கு ஒரு புள்ளி விடாமல் வைத்தாய்? உன் கைக்கு என்ன ஆயிற்று? என்னிடம் மறைக்காதே.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுத்து ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்காதே. சும்மா, இடது கையால் எழுதிப் பழகுகிறேன்.

உன் மகள்