வீட்டில் கேட்காமல் போட்ட கையெழுத்து

அன்புள்ள சாஜிதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் மகள் அனீஸாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? திருத்துறைப்பூண்டியில் மழை விட்டதா?

போன வாரம் ஆபீஸில் பயிற்சி என்று பழைய இங்கிலீஷ் படம் ஒன்று போட்டார்கள். அதில் ஒருவர், பெரிய பதவி வேண்டாம், பிள்ளைகளோடு இருந்தால் போதும் என்று எழுந்து போய்விடுகிறார். எங்கள் சென்னைக்கார மேனேஜர், "உங்கள்ல யாரு இப்படிப் போவீங்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு, கிளை மேலாளர் வேலை தருவதாகச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு ஊருக்கு வர லீவு கிடையாது.

"வீட்ல கேட்டுச் சொல்றீங்களா, அப்சர்?"

"வேண்டாம் சார்" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

அனீஸாவுக்குச் செருப்பு வாங்கப் போனேன். அளவு கேட்டார்கள், எனக்குத் தெரியவில்லை. அவள் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து, இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் கபீர் பாயிடமே கொடுத்தனுப்பு.

பெருநாளுக்கு வருவேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். வர முடியாது என்பதை நீயே சொல்லிவிடு. பாய் வாசலில் நிற்கிறார்.

உன்,
அப்சர்