எனக்கு ஏச வராது

அன்புள்ள சுபத்திராவுக்கு,

நீரும் மகள் ஹம்சிகாவும் சுகந்தானே? மன்னாரில் எனக்கு ஒரு குறையுமில்லை. ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லுறன், சிரியாதேயும். எங்கடை நண்டுக் கொம்பனி மனேச்சர் எல்லாரிலையும் எரிஞ்சு விழுவார். "பெரிய மூளைக்காரன், அதுதான் கோவம்" எண்டு முதலாளி புகழுவார். மேற்பார்வை வேலை கிடைக்கட்டுமெண்டு நானும் நண்டு கட்டுற பெட்டையளை ஒருக்கால் ஏசிப் பார்த்தன். "அண்ணை, காய்ச்சலோ?" எண்டு தண்ணி தந்தவையள்.

உயிர் நண்டை ஈரச்சாக்கால் மூடித்தான் அனுப்புறது. ஐஸ் பட்டால் செத்துப்போகும். முந்தநாள் மனேச்சர் அந்தப் பெட்டியளை மீன்பெட்டி எண்டு நினைச்சு, ஐஸ் கொட்டச் சொன்னார். "சேர், அது..." எண்டு நண்டு கட்டுற செலீனா வாயெடுக்க, "உன்னட்டைக் கேட்டனானோ?" எண்டு பாய்ஞ்சார். நாங்கள் கொட்டினம். நண்டெல்லாம் செத்துப்போச்சு.

மனேச்சர் பழியைச் செலீனாவிலை போட, முதலாளி வந்து அவளை வேலையால் நிப்பாட்டப் போனார். "அந்தப் பிள்ளை சொல்ல வந்தவ, மனேச்சர்தான் விடேல்லை, ஐயா" எண்டன் மெல்லமாய். அவளுக்கு வேலை தப்பிச்சுது. என்ரை மேற்பார்வை வேலையை நீர் மறந்துவிடும்.

இஞ்சாலை ஆரும் வந்தால் எலுமிச்சங்காய் ஊறுகாயும், ஹம்சிகாவின்ரை படம் ஒண்டும் குடுத்துவிடும். லொறி வந்திட்டுது, முடிக்கிறன்.

"மற்றவையள் ஏன் வாய் திறக்கேல்லை?" எண்டும் முதலாளி கேட்டவர். "கத்துறவருக்குத்தான் மூளை எண்டு நீங்கள்தானே ஐயா சொன்னனீங்கள்." அதை மட்டும் நான் வாய்விட்டுச் சொல்லேல்லை.

உம்மடை,
தில்லைநாதன்