மெத்தைக்கடியில் மூன்று மூட்டை

தை 18, வியாழன். புதுக்கோட்டை.

ஒரத்தநாட்டிலிருந்து சாமான் கொண்டுவர லாரிக்காரர் பேசிய வாடகை நூற்றிருபது ரூபாய். இங்கே புது வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, "இருநூறு குடுத்தாத்தான் சார் தார்ப்பாயை அவுப்பேன்" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "வாங்க, போலீஸ் ஸ்டேஷன்ல பேசிக்குவோம்" என்றேன்.

"போவோம் சார். மெத்தைக்கடியில மூணு மூட்டை நெல்லு இருக்கே, அதுக்குப் பர்மிட்டு எங்க? செக்போஸ்ட்ல உங்க பேரைச் சொல்லித்தான் தாண்டினேன். அதுக்குத்தான் எண்பது."

கமலாவைப் பார்த்தேன். "புது வீட்டுக்குள்ள நம்ம வயல் நெல்லுதான் முதல்ல போகணும்னு அண்ணன் ஏத்திவிட்டாங்க. உங்ககிட்ட சொன்னா விடமாட்டீங்க" என்றாள்.

எப்படி விடுவேன்? பர்மிட் இல்லாமல் தஞ்சாவூர் நெல் ஜில்லா எல்லையைத் தாண்டக் கூடாதென்று, போன வாரம்வரை அதே செக்போஸ்ட்டில் உட்கார்ந்து நெல் பிடித்தவன் நான். என் சாமான் என்றதும் பிரித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறார்கள்.

இருநூறையும் எண்ணிக் கொடுத்தேன்.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. கடைசியாக நான் பிடித்தது அரை மூட்டை. இந்தப் பக்கத்திலிருந்து தஞ்சாவூருக்கு அறுப்புக்குப் போய்விட்டு ஊர் திரும்பிய ஒருவருடையது. "நான் அறுத்த கூலி நெல்லுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொல்லி இறக்கி வைத்தேன்.

கமலா மூட்டைகளுக்குக் குங்குமம் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த மூன்று மூட்டையில் ஒரு கதிரைக்கூட எங்கள் வீட்டில் யாரும் அறுக்கவில்லை.